மலைமேல் கடல் வகுப்பு

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். யார் படிக்கிறார்கள், யார் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பேராசிரியர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பரீட்சைக்கு முந்தின நாள் வந்து, "அக்கா, புத்தகம் முழுசும் ஒரு காப்பி" என்று கேட்கிறவன் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாசரேத்தில் பிறந்து, டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்து, விலங்கியலில் ஒரு பி.எஸ்ஸி. பட்டமும் வாங்கிக்கொண்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். டைப்ரைட்டிங் சோறு போட்டது. விலங்கியல் பீரோவுக்குள் போனது. கடையில் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங், ஆராய்ச்சிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுத் தங்க எழுத்து அடிப்பது எல்லாம் உண்டு. மைக்ரோ ஜெராக்ஸ் மட்டும் கிடையாது. பிட் அடிப்பதற்காகப் பாடத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு என் வாயிலிருந்து விழுவதைக் கேட்டுப் பக்கத்து ஜூஸ் கடை அண்ணாச்சி மிக்சியை நிறுத்திவிடுவார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும். அதற்குள் இரண்டு பேராவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சாலை முழுவதும் இந்தக் கல்லூரியை நம்பித்தான் இருக்கிறது. காலையில் விளாத்திகுளம் பஸ்ஸும் ஓட்டப்பிடாரம் பஸ்ஸும் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனால்தான் டீக்கடையில் பால் பொங்கும். மாடி வீடு வைத்திருக்கிற எல்லோரும் மாடியைப் பெண் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, "சத்தம் போடக் கூடாது" என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மே மாதம் வந்தால் சாலையில் உப்பு லாரிகள் மட்டும்தான். உப்புக்கு ஜெராக்ஸ் தேவைப்படாது. அந்த ஒரு மாதம் நான் மெஷினைத் துடைப்பேன், பழைய பேப்பரை எடைக்குப் போடுவேன், என் வீட்டுக்காரரோடு சண்டை போடுவேன்.

அப்படி ஒரு கல்லூரி திறந்த மாதத்தில்தான் அந்த இத்தாலிப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முத்துச்சிப்பி பற்றி ஆராய்ச்சி செய்ய ஆறு மாதம் எங்கள் கடற்கரைக்கு வந்திருந்தாள். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, கையில் பென்டிரைவோடு என் கடை வாசலில் நின்றவள், என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பைண்டிங் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய அம்மாவும் அவர்கள் ஊரில் பல்கலைக்கழக வாசலில் இதே கடைதான் வைத்திருக்கிறாளாம். இதே போல ஒரு மெஷின்தானாம். அதன் கைப்பிடியும் இப்படித்தான் ஆடுமாம்.

என்னுடைய நாசரேத் ஆங்கிலமும் அவளுடைய இத்தாலி ஆங்கிலமும் சீக்கிரமே ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. மதியம் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே சாப்பிட்டுச் சற்றுக் கண்ணை மூடுவேன். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்துவிடுவாள். "இந்த ஊரிலும் மதியம் கடை அடைக்கிறார்களே, அதனால்தான் எனக்கு இங்கே வீட்டு ஏக்கம் வரவில்லை" என்பாள். அவர்கள் ஊரில் ஒரு மணிக்கு அடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். எனக்கு இத்தாலி பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

அவள் ஊர் ஒரு மலையுச்சியில் இருக்கிறது. சுற்றிப் பழைய கோட்டைச் சுவர். கீழே ரயில் நிலையம், அங்கிருந்து மேலே வர ஒரு பஸ். தொழிற்சாலை கிடையாது. துறைமுகம் கிடையாது. பல நூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு பிரபு ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்துவிட்டுப் போக, அன்றிலிருந்து ஊர் அதையே உண்டு உடுத்தி வருகிறது. "எங்கள் ஊரில் மூன்று விதமான ஆட்கள்தான்" என்று அவள் சொன்னாள். "படிக்கிறவர்கள், படிக்கிறவர்களுக்கு அறை விடுகிறவர்கள், படிக்கிறவர்களைப் பற்றிக் குறை சொல்லுகிறவர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் ஒரே ஆள்." நான் எங்கள் சாலையின் மாடிகளைக் காட்டினேன். இருவரும் சிரித்தோம்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க். எதைக் கேட்டாலும் எண்ணித்தான் பார்ப்பார். ஒருநாள் மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவளிடம் என் மூலமாகக் கேட்டார்.

"அந்த ஊருல என்ன ஏறுது, என்ன இறங்குது?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். இறங்குவது செப்டம்பரில்: பெட்டியும் மெத்தையும் அம்மாவும் அப்பாவுமாகப் பிள்ளைகள். ஏறுவது பட்டம் வாங்கியவர்கள். ஆகஸ்டில் எதுவும் ஏறாது, இறங்காது. சதுக்கத்தில் பூனைகள் மட்டும் படுத்திருக்கும். ஒரு பிள்ளை மூன்று வருடத்தில் முடிக்க வேண்டியதை ஆறு வருடமாகப் படித்தால் வீட்டில் திட்டுவார்கள், ஆனால் ஊரில் யாரும் திட்ட மாட்டார்கள். அறை வாடகை, நின்றுகொண்டே குடிக்கிற காபி, எடை போட்டு வெட்டித் தருகிற பீட்சா எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைதான் ஆதாரம்.

"அப்ப அரியர் வச்சவன்தான் ஊருக்குத் தூணுன்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் கடைக்கும் அதுதான் உண்மை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பட்டம் வாங்குகிற நாளைப் பற்றிச் சொல்லும்போது அவள் எழுந்து நின்றுகொள்வாள். அங்கே எல்லோருக்கும் ஒரே நாளில் விழா இல்லை. மாதாமாதம் சிலர் சிலராக ஆசிரியர்கள் முன் நின்று தங்கள் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். முடித்து வெளியே வந்தவுடன் தலையில் இலையால் கட்டிய ஒரு வளையத்தை வைப்பார்கள். பிரியாணியில் போடுகிற பிரிஞ்சி இலைக்குச் சொந்தக்கார இலை அது. அதைக் கட்டித் தருகிற பூக்கடைக்கு அதுவே பிழைப்பு. தெற்கிலிருந்து சொந்தக்காரர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்து இறங்குவார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், முந்தின வாரமே, ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு பிள்ளையும் அவள் அம்மா கடைக்கு வந்தாக வேண்டும். கெட்டி அட்டை, கருஞ்சிவப்புத் துணி, மேலே தங்க எழுத்தில் பெயர். அம்மா புத்தகத்தைக் கையில் கொடுக்குமுன் முதல் பக்கத்தைத் திறந்து பெயரை ஒருமுறை சத்தமாக வாசிப்பாளாம். பெயரில் பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும் என்பதற்காக.

இதைக் கேட்ட அன்று நானும் அப்படிச் செய்து பார்த்தேன். நான் பெயரை வாசித்ததும் எதிரே நின்ற முனைவர் பட்ட மாணவர், நாற்பது வயது மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என்னவோ போலாகி, "பைண்டிங் காயல, நாளைக்கு வாங்க" என்று விரட்டிவிட்டேன்.

அவள் வந்து மூன்றாவது மாதம் ஒருநாள் ஷட்டருக்குள் வந்தவள் பைண்டிங் மெஷினின் கைப்பிடியையே ஆட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பிறகுதான் சொன்னாள். அவள் படித்த முதுகலை வகுப்பை மூடப்போகிறார்கள். கடல்வாழ் உயிர்கள் பற்றிய படிப்பு அது.

"மலைமேல கடல் படிப்பா?" என்று நான் கேட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். எப்போதோ ஒரு பேராசிரியர் சிப்பிகள்மீது பைத்தியமாக இருந்து தொடங்கிய வகுப்பு. கடலுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தொட்டிகள் மட்டும் மலைமேல். இத்தாலிப் பிள்ளைகள் கடலோரத்துப் பெரிய ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். இந்த முறை பத்துப் பேராவது சேர உறுதி கொடுக்காவிட்டால் வகுப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. மற்ற வகுப்புகளில் இப்போதெல்லாம் ஆராய்ச்சியைக் கணினியில் அனுப்பினால் போதும். இந்த வகுப்பின் பேராசிரியர் மட்டும்தான் படங்களோடு அட்டை போட்ட புத்தகம் வேண்டும் என்கிறவர். வகுப்பு போனால் அம்மாவின் கடையும் போகும். 'கடை மூடப்பட்டது' என்று எழுதிய அட்டையை அம்மா ஏற்கனவே செய்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறாளாம். மகளோடு போனில் பேசும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பக்கத்துக் காபிக் கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. வீடியோவில் இரண்டு முறை பார்த்துக் கையசைத்திருக்கிறேன். நரைத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பசை. ஆனால் டிராயருக்குள் அந்த அட்டை கிடப்பதை நினைத்ததும் என் வாய் அடங்கவில்லை.

"பத்துப் பேர்தானே? நான் அனுப்புதேன்" என்றேன்.

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி மனசு வைத்தால் பத்துப் பேரைச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. மீன்வளமோ விலங்கியலோ படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்கிற பிள்ளைகள் எனக்கு நிறையத் தெரியும். இத்தாலிப் பெண் அவர்களுக்கு விவரம் சொன்னாள். வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே உதவித்தொகை உண்டு, சாப்பாடும் உண்டு. ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். பெற்றோர்கள் என் கடைக்கு வந்து விசாரித்தார்கள். ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்.

"ஏம்மா, மீனப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போணுமா? நம்ம கடல்ல இல்லாத மீனா?"

"மீனு இங்க இருக்கு அண்ணாச்சி. வேல எங்கன இருக்கு?" என்றேன். அவர் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சேருவதற்கு ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுத வேண்டும்: இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று. பிள்ளைகள் வழக்கம்போல என் முன்னால் வந்து நின்றார்கள். இங்கேதான் நான் கெடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. லீவ் லெட்டர், போனஃபைடு கேட்டு விண்ணப்பம், ஆராய்ச்சிப் புத்தகத்தின் நன்றியுரை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்று தயாராக இருக்கும். பேரை மாற்று, தேதியை மாற்று, பிரிண்ட் கொடு. இருபத்தாறு வருடமாக இந்தக் கல்லூரியில் எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் தங்கள் பெற்றோருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பெற்றோரும் வந்து புகார் கொடுத்ததில்லை. ஆகவே இதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், இப்போதும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அலையோசையில் கண் விழித்தேன் என்று தொடங்கும். சங்கு குளிக்கிற என் தகப்பனார் எனக்கு ஐந்து வயதில் ஒரு சிப்பியை உள்ளங்கையில் வைத்தார், அன்றே என் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று போகும். பேரை மாற்றினேன், தேதியை மாற்றினேன், பன்னிரண்டு பேருடையதையும் அனுப்பிவிட்டேன்.

நாலாவது நாள் அந்தப் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. இத்தாலிப் பெண் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். மிகவும் மரியாதையான பதில். பன்னிரண்டு விண்ணப்பங்களையும் ஆர்வத்தோடு படித்தாராம். ஒரே ஒரு சந்தேகமாம். இவர்கள் பன்னிரண்டு பேரும் உடன்பிறந்தவர்களா?

நான் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். பதில் அத்தோடு முடியவில்லை. இப்படிப்பட்ட கடிதங்களை ஏற்றுக்கொள்ள முடியாது, இவர்களில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள இயலாது என்று இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "நான்தான் உங்களிடம் சரியாகச் சொல்லவில்லை" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளின் வழியில் நானே கல்லைப் போட்டிருக்கிறேன். எங்கேயோ ஒரு மலைமேல் ஒரு பெண்பிள்ளையின் கடை ஷட்டரையும் சேர்த்து இறக்கியிருக்கிறேன். கயத்தாற்றுப் பையன் ஒருவன், வாழ்க்கையில் அலையோசை கேட்டு விழித்தே இராதவன், தன் தகப்பனார் சங்கு குளிப்பவர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறான். அவன் அப்பா கயத்தாற்றில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். எனக்கு அவமானமாக இருந்தது.

பேராசிரியருக்கு நானே எழுதினேன். தவறு பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது. எங்கள் ஊரில் விண்ணப்பம் என்றால் டைப் அடிக்கிறவர்தான் எழுதுவார், அதைக் குற்றம் என்று நாங்கள் நினைப்பதில்லை. இனிமேல் நினைப்பேன் என்று எழுதினேன். பிழை பார்க்காமல் அனுப்பிய ஒரே கடிதம் என் வாழ்க்கையில் அதுதான். மறுநாளே பதில் வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும், பிறகு வீடியோவில் பேசிப் பார்க்கிறேன், ஒரு வாரம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் மறுபடியும் என் முன்னால் நின்றார்கள்.

"அக்கா, எங்களுக்கு என்ன எழுதத் தெரியும்? நீங்களே கொஞ்சம் மாத்தி மாத்தி..."

"ஒரு எழுத்து நான் போட மாட்டேன். பெஞ்சுல உக்காரு. உனக்கு எதுக்குல இந்தப் படிப்பு?" என்று கயத்தாற்றுப் பையனைக் கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "எங்க ஊருல தண்ணியே கிடையாதுக்கா. சின்ன வயசுலயே நெறையத் தண்ணி உள்ள எடத்துல போயி இருக்கணும்னு தோணும். வேற ஒண்ணுமில்ல."

"அதை எழுது."

"இதப் போயி எழுதவா?"

"அதைத்தான் எழுதணும்."

எழுதினான். உப்பளத்துக் கண்காணிப்பாளர் மகள் ஒருத்தி, பாத்திகளில் தண்ணீர் நிறம் மாறுவது எந்தக் கிருமியால் என்று யாரும் தனக்குச் சொன்னதில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன் என்று எழுதினாள். அந்த வாரம் முழுவதும் என் கடை பெஞ்சில் பேனாவைக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்கேன் மட்டும் செய்தேன். செய்யும்போது படித்தேன். என்னுடைய அலையோசைக் கடிதம் எவ்வளவு மட்டம் என்று தெரிந்தது.

பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் பேசினார். பேசியவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டார். ஆனால் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் பேச வரவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஒருவனுக்கு இறால் பண்ணையில் வேலை கிடைத்துவிட்டது. இன்னொருவனுடைய அம்மா, மகன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மற்ற இடங்களிலிருந்து யாரும் சேரவில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று விரலை மடக்கினார். "ஒம்பது. ஒண்ணு கொறையுதே."

உறுதி கொடுக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டேன். சிலரிடம் பாஸ்போர்ட் இல்லை. சிலரிடம் பட்டமே இல்லை, நான்கு வருடமாகத் தூணாக இருந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது நாள் மதியம் இத்தாலிப் பெண் சோர்ந்துபோய், யாருக்காவது பொருந்துமா என்று விதிமுறைகளை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள். உயிரியலில் ஏதாவது ஒரு பிரிவில் இளங்கலைப் பட்டம். ஆங்கிலம் தெரிய வேண்டும். பாஸ்போர்ட். வயது வரம்பு இல்லை.

கடைசி வரியை வாசித்துவிட்டு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஷட்டரைப் பார்த்தேன்.

பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. சர்ச்சிலிருந்து எருசலேம் யாத்திரை போனபோது எடுத்தது. பட்டம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. "எண்ணிக்கைக்காகத்தான்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆமா, எண்ணிக்கை முக்கியம்" என்றார். எண்ணிக்கை என்று சொன்னால் அவர் எதற்கும் ஒப்புக்கொள்வார்.

ஒரு பக்கக் கடிதத்தைக் கையால் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விரல்கள் கீபோர்டையே தேடின. ஐந்தாம் நாள் மதியம் பேராசிரியர் வீடியோவில் வந்தார். பின்னால் ஒரு பெரிய தொட்டி, அவர் தலைக்கு மேல் ஒரு மீன் வந்துவந்து போனது. நான் எருசலேமுக்கு உடுத்திப்போன சேலையைக் கட்டியிருந்தேன். முத்துச்சிப்பியின் வளர்ச்சி நிலைகளைக் கேட்டார். அதைத் தூக்கத்திலும் சொல்லுவேன், அத்தனை முறை டைப் அடித்திருக்கிறேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த வயதில் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார். வகுப்பை மூடாமல் இருப்பதற்காக என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

"சார், இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் ஆராய்ச்சியை டைப் அடிக்கிறேன்" என்று என் வாய் சொன்னது. "எல்லோருடைய ஆராய்ச்சியும் ஒரே வரியில்தான் முடியும்: இதில் மேலும் ஆய்வு தேவை. நான் அதை நம்பி, அடுத்து யாராவது அந்த மேல் ஆய்வைச் செய்து கொண்டுவருவார்கள் என்று காத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கொண்டுவரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை, என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அட்டை போடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். போனை வைத்தேன். சொன்னது அவ்வளவும் உண்மை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் முடிவு வந்துவிட்டது. பத்துப் பேர், வகுப்பு உண்டு. கடை பெஞ்சில் இருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஜூஸ் கடை அண்ணாச்சி எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். இத்தாலிப் பெண் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். மலைமேல் அப்போது காலை நேரம், அந்தக் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா டிராயரைத் திறந்து, அந்த அட்டையை எடுத்து, நாங்கள் பார்க்கும்படி காகிதம் வெட்டுகிற மெஷினில் வைத்து நாலாக வெட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு இத்தாலி மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் வெகுநேரம் அழ முடிந்தது.

எல்லோரும் போன பிறகு நானும் இத்தாலிப் பெண்ணும், சாப்பாட்டுத் தூக்கோடு என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரரும் மட்டும் கடையில் இருந்தோம். இத்தாலிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு உறுதியான பிறகு ஒருவர் குறைந்ததற்காக மூட மாட்டார்கள், நீங்கள் இனிக் கவலைப்பட வேண்டாம், அடுத்த வாரம் விலகிக்கொள்வதாக ஒரு வரி எழுதினால் போதும் என்றாள். அந்த வரியைத் தானே எழுதித் தருவதாகவும் சொன்னாள்.

நான் அதை வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நல்லது. நாலு பேருக்கு ஒபகாரமாப் போச்சு. நாளைக்கே எழுதிப் போட்டுரு. தூக்க எடு, போவோம்."

நான் எழுந்திருக்கவில்லை. ஷட்டருக்கு வெளியே ஓட்டப்பிடாரம் பஸ் ஏறப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடப் படிப்பு. கடையைப் பார்த்துக்கொள்ள நாசரேத்திலிருந்து என் தங்கை வருவாள், அவளும் ஹையர் முடித்தவள்தான். மே மாதத்தில் இவரோடு சண்டை போடத்தான் ஆள் இருக்காது. இதையெல்லாம் நான் முந்தின இரவே யோசித்துவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்குப் போணும்" என்றேன்.

"எங்க?"

"அங்கதான். படிக்கணும். எண்ணிக்கைக்காக இல்ல."

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், இத்தாலிப் பெண்ணைப் பார்த்தார், விரலை மடக்கப் போய் நிறுத்திக்கொண்டார். முப்பது வருடத்தில் அவர் எண்ணாமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. 'வேண்டாம்' என்று அவர் சொன்னால் எனக்குக் கோபம் வராது, அழுகைதான் வரும் என்றும் தெரிந்தது.

கடைசியில் அவருக்குத்தான் கோபம் வந்தது.

"ஏளா, ஒனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? அந்த ஒம்பது பிள்ளைகளும் எங்கன தங்கும், என்ன திங்கும்னு ஒரு மாசமா இந்தப் பிள்ளகிட்ட நச்சரிச்ச. நீ எங்கன தங்குவன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை.

"கேளு" என்றார்.